மூலக்கூற்று மாதிரிப் பெட்டி: மெதேனுக்கு அருமை, ஒட்சிசனுக்குப் போதாது

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கும் எவரும் இந்தப் பெட்டியை நம்பி வாங்கலாம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள புத்தகக் கடையில் வாங்கினேன். கறுப்பு உருண்டை காபன், வெள்ளை ஐதரசன், சிவப்பு ஒட்சிசன்.

மெதேனின் பிணைப்புக் கோணம் 109.5 பாகை என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்வார்கள். கறுப்பு உருண்டையில் நான்கு வெள்ளையையும் செருகி மேசையில் வைத்தால் மூன்று கீழே ஊன்றும், ஒன்று மேலே நிமிரும். எப்படிப் புரட்டி வைத்தாலும் அதே தோற்றம். 1931இல் இரசாயனவியலாளர் லைனஸ் போலிங் கலப்பாக்கத்தை (அணுவில் இலத்திரன்கள் இருக்கும் ஒபிற்றல்கள் கலந்து ஒத்த ஒபிற்றல்களாகும் என்ற கருத்தை) ஏன் முன்வைத்தார் என்பது அப்போது விளங்கிவிடும். விசுவமடுவிலிருந்து வரும் பிள்ளைகள் இடைவேளைக்குக்கூட எழும்பாமல் எதேனைத் திருகிக்கொண்டிருந்தார்கள். எதீனை வளையும் இணைப்பு இரண்டால் பூட்டினால் திருகவே முடியாது. கூட்டங்கள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்திலா எதிர்ப்பக்கத்திலா என்ற சிஸ், திரான்ஸ் பாடம் பாதி முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு இணைப்பும் ஒன்றுபோல வளைந்திருப்பதால் எது அணுக்களை நேராக இணைக்கும் சிக்மா, எது பக்கவாட்டில் மேற்பொருந்தும் பை என்று காட்ட வழியில்லை.

பெட்டி கைவிடும் இடம் ஒட்சிசன். இரண்டு சிவப்பு உருண்டை, இரண்டு இணைப்பு, எல்லா இலத்திரனும் சோடி. திரவ ஒட்சிசன் காந்த முனைகளுக்கிடையே தொங்கி நிற்கும் காணொளியைக் காட்டியதும் ஒரு மாணவி கேட்டாள்: "ரீச்சர், எல்லாம் சோடி என்றால் காந்தம் ஏன் இழுக்கிறது?" இதற்கு வெண்கட்டிதான் வேண்டும். மூலக்கூறு முழுவதற்கும் பொதுவான மூலக்கூற்று ஒபிற்றல் படத்தை வரைந்து 12 வலுவளவு இலத்திரன்களை நிரப்பினால், கடைசி இரண்டும் சம சக்தியுள்ள இரு எதிர்ப்பிணைப்பு (பிணைப்பைத் தளர்த்தும்) பை ஒபிற்றல்களில் தனித்தனியே நிற்கும். சோடியில்லாத அந்த இரண்டால்தான் காந்தம் இழுக்கிறது. பிணைப்பு வரிசை, அதாவது பிணைப்புகளின் எண்ணிக்கை, அப்போதும் இரண்டுதான். பரீட்சைப் புள்ளிக்காக இல்லாவிட்டாலும் இதைக் கற்பித்தே தீர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

மெதேனிலும் இதே கதைதான். ஒளியால் இலத்திரன்களை வெளியேற்றி அவற்றின் சக்தியை அளக்கும் ஒளியிலத்திரன் நிறமாலையில் அதன் பிணைப்பு இலத்திரன்கள் ஏறத்தாழ 14, 23 இலத்திரன்வோல்ற்று என இரு மட்டங்களில் தெரிகின்றன. நான்கு ஒத்த குச்சிகள் அதைச் சொல்லா. அதற்காகக் கலப்பாக்கத்தைப் பிழை என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வடிவத்தை அதைவிட விரைவாகச் சொல்லும் வழியை நான் காணவில்லை.

ஐந்து துளை உருண்டை இல்லாதது குறை. பொசுபரசு ஐங்குளோரைட்டைச் செய்ய முடியாது. வாங்கும்போது வளையும் இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். பென்சீன் ஒன்றுக்கே ஆறு வேண்டும்.