பங்கசு மருந்து வாங்கிய மருந்தகம்: யாழ் நகரில் எங்கள் அனுபவம்

சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகளிலேயே இருந்துவரும் என் அண்ணாவுக்கு, இவ்வருட மாசியில் விட்டுவிட்டு வந்த காய்ச்சல் எந்த அன்ரிபயோட்டிக் ஊசிக்கும் அடங்கவில்லை. குருதி வளர்ப்புச் சோதனையில் கன்டிடா என்ற பங்கசும், எக்கோ எனும் இருதய ஸ்கானில் இருதய வால்வில் ஒட்டி வளர்ந்த திரளும் தெரிந்தன. இருதய உட்சுவர்த் தொற்றுகளில் பங்கசால் வருபவை நூற்றுக்கு ஒன்றிரண்டே. ஆனால் அத்திரளின் துண்டுகள் உடைந்து மூளைக்கோ காலுக்கோ சென்று குருதிக்குழாயை அடைக்கக்கூடும் என்பதால், மருந்தோடு வால்வு சத்திரசிகிச்சையும் தேவைப்படும் என்று வைத்தியர் விளக்கினார்.

பங்கசைக் கொல்லும் அம்போடெரிசின் பி ஊசிமருந்தை வெளியில் வாங்கவேண்டியிருந்தது. முதலில் சென்ற கடையில், 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்குமாறு அச்சிட்டிருந்த மருந்தைச் சாதாரண பொலித்தீன் பையில் போட்டு நீட்டினார்கள். பங்குனி வெயிலில் அதை எப்படிக் கொண்டுபோவது? வாங்காமல் திரும்பினேன்.

நகர் மத்தியிலுள்ள இந்த மருந்தகத்தில், குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமானியை முதலில் எனக்குக் காட்டினார்கள். மருந்து உறைந்துவிடாதபடி ஐஸ் பொதிகளைத் துணியால் சுற்றி, வெளிச்சம் படாத ரெஜிபோம் பெட்டியில் அடுக்கித் தந்தார்கள். சேலைனில் கலந்தால் மருந்து திரிந்துவிடும், 5 வீத டெக்ஸ்ரோசில்தான் கலக்கவேண்டும் என்பது தாதிமாருக்குத் தெரிந்ததே. இருந்தும் மருந்தாளர் அதைத் தமிழில் எழுதி மூடியில் ஒட்டினார். கடைசியாகக் குருதியில் பொற்றாசியம் அளவை எப்போது பார்த்தார்கள் என்றும் கேட்டார், ஏனெனில் இம்மருந்து அதைக் குறைப்பதோடு சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

எங்களால் மறக்கமுடியாதது சத்திரசிகிச்சைக்குப் பின் நடந்தது. நீண்டகாலம் எடுக்கவேண்டிய புளுகொனசோல் என்ற பங்கசு மாத்திரைக்கு வைத்தியர் எழுதிய துண்டோடு சென்றபோது, வேறு என்ன மாத்திரைகள் எடுக்கிறார் என்று மருந்தாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நோயெதிர்ப்பைக் குறைக்கும் டக்ரோலிமஸ் என்றதும் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டு, வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். புளுகொனசோல் குருதியில் டக்ரோலிமசின் அளவை உயர்த்தி, மாற்றப்பட்ட சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். வைத்தியர் டக்ரோலிமஸ் மாத்திரையின் அளவைக் குறைத்து, குருதிப் பரிசோதனைக்கும் எழுதினார். அந்த ஓர் அழைப்புக்காக அம்மா இன்றும் அவரை வாழ்த்துகிறார்.

குறையும் உண்டு. ஞாயிறு நண்பகலோடு பூட்டிவிடுகிறார்கள். ஊசிமருந்தின் விலையை நாங்களாகக் கேட்கும்வரை சொல்லவில்லை. ஒருமுறை கையிருப்பு முடிந்து, கொழும்பிலிருந்து வரும்வரை பதற்றத்தோடு காத்திருந்தோம். ஆகவே இத்தகைய மருந்து தேவைப்படுவோர் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். நோயாளி எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டு செல்லுங்கள்; கட்டாயம் கேட்பார்கள்.