மெனுவில் ஐகான்: நெடுநாள் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

தமிழ்த் தளங்களின் மெனுவில் ஐகான் ஃபான்ட் (ஐகான்களை எழுத்துகளாக அடக்கிய எழுத்துரு), எஸ்விஜி (SVG, கோடும் வடிவமுமாக விவரிக்கும் பட ஃபைல்) இரண்டையும் நெடுநாள் ஓட்டிப் பார்த்ததில் தேறியது எஸ்விஜிதான். ஐகான் ஃபான்ட்டைச் சேர்ப்பது சுலபம், ஒரு வரி போதும். தொல்லை பிறகுதான். ஃபான்ட் ஃபைல் வராவிட்டால் ஐகானுக்குப் பதில் வெறும் கட்டம் நிற்கும். வாசகர் பிரௌசரில் தனக்குப் பிடித்த எழுத்துருவைக் கட்டாயமாக்கியிருந்தாலும் இதே கதிதான். யூனிகோடில் தனிப்பயனுக்கு ஒதுக்கிய எண்களில் அந்த ஐகான்கள் இருப்பதால் வேறு எழுத்துருவில் அவற்றுக்கு வடிவம் கிடையாது. புரோகிராமர்கள் கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப் 2016-லேயே எஸ்விஜிக்கு மாறிவிட்டது.

லூசைட் (Lucide) போன்ற இலவச ஐகான் தொகுப்பே போதும். 24-க்கு 24 பிக்சல் அளவு, 2 பிக்சல் கோடு. 16-க்குச் சுருக்கினால் கோடு 1.33 பிக்சலாகி, சாதாரண மானிட்டரில் மங்கும். எல்லா ஐகானையும் ஒரே ஸ்பிரைட் ஃபைலாக்கி (பல ஐகான்கள் அடங்கிய ஒரே ஃபைல்) வேறு டொமைனில் வைத்தால், அதிலிருந்து ஐகானை எடுத்துக் காட்டும் ‘யூஸ்’ (use) டேக் அதை எடுக்காது, மெனு காலியாகத் தெரியும். சொந்த டொமைனிலேயே வையுங்கள்.

வீடு, பூதக்கண்ணாடி, கார்ட் தவிர எந்த ஐகானையும் பெயரில்லாமல் விடாதீர்கள். இதயம் என்றால் விருப்பமா, சேமிப்பா? மவுஸை மேலே வைத்தால் பெயர் காட்டும் டூல்டிப் இருக்கிறதே என்பார்கள். போனில் மவுஸ் ஏது? மூன்று கோடு ஐகான் 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் என்ற கணினிக்காக நார்ம் காக்ஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்தது. இத்தனை வயதான அதற்கும் பக்கத்தில் ‘மெனு’ என்று எழுதுவதே நல்லது.

பெயர் எழுத உட்கார்ந்தால்தான் தமிழின் அகலம் உறைக்கும். 360 பிக்சல் திரையில் ஐந்து பொத்தான் என்றால் ஒன்றுக்கு 72 பிக்சல்தான். 12 பிக்சல் எழுத்தில்கூட ‘அறிவிப்புகள்’ அதற்குள் அடங்குவது கஷ்டம். எழுத்தைச் சிறிதாக்காமல் பொத்தானை நான்காகக் குறையுங்கள், தலைக்கு 90 கிடைக்கும். ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 வரி உயரத்தை அப்படியே விட்டு, ஓவர்ஃப்ளோவையும் (பெட்டிக்கு வெளியே வழிவதை) மறைத்திருந்தால் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். 1.5 வையுங்கள்.

ஐகான் 24 என்றாலும் நாலாபக்கமும் 10 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்து, தொடும் பரப்பை 44 ஆக்குங்கள். எல்லோரும் பயன்படுத்தக்கூடிய தளங்களுக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி (WCAG) 2.2, அதன் நடு நிலையான ஏஏ-வில் கேட்பது 24தான். ஓடும் பஸ்ஸில் கட்டைவிரலுக்கு அது போதாது.

பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு: பெயர் எழுதியிருந்தால் ஐகானை ‘ஏரியா-ஹிடன்’ (aria-hidden) போட்டு அதனிடமிருந்து மறையுங்கள். மறைக்காமல் அதற்கும் ஒரு தலைப்பு கொடுத்தால் ‘தேடல் தேடல்’ என்று இரண்டு முறை வாசிக்கும். பெயர் இல்லாத பொத்தானுக்கு ‘ஏரியா-லேபிள்’ (aria-label, அது வாசிப்பதற்கான பெயர்) தமிழிலேயே கொடுங்கள். பக்கத்தின் மொழியையும் தமிழ் என்று குறிக்க வேண்டும். ஆங்கிலம் என்றே விட்டிருந்தால் ஆங்கிலக் குரல் தமிழைக் குதறிவிடும்.