பெட்டி அதேதான், லாட் எண்தான் வேறு

துப்பாக்கியில் இப்போதுதான் 200 மீட்டர் தூர இலக்கைச் சுடப் போகும் நண்பர் ஒருவர், "எந்த .22 தோட்டா வாங்கட்டும், ஒரு பேர் சொல்லு" என்று கேட்டார். நாலு வருடமாக ஒரே பெயரைத்தான் சுட்டுத் தீர்க்கிறேன், ஆனாலும் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. போன மாதம் பிரித்த புதுப் பெட்டிகள் அப்படி.

அதே 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) ஈயக் குண்டு, ஒலியைவிடக் குறைவான அதே சப்சோனிக் வேகம். எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று பொடி எழுத்தில் சொல்லும் லாட் எண் மட்டும் வேறு. 50 மீட்டரில் பழையபடி ஒரே ஓட்டையில் விழுந்தது, சந்தோஷமாக வந்துவிட்டேன். 200இல் போட்டால், கொத்தனார் தூக்குக்குண்டு விட்ட மாதிரி தாளில் நெட்டுக்கு ஒரு வரிசை! பக்கவாட்டில் பிசகே இல்லை, காற்றின் மேல் பழி போடவும் வழியில்லை. குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் வைத்தபிறகுதான் புரிந்தது, தோட்டாவுக்குத் தோட்டா நொடிக்கு 9 மீட்டர் வரை வேக வித்தியாசம். 50 மீட்டரில் அது அரை சென்டிமீட்டர் சொச்சம், கண்ணில் படாது. 200இல் 10 சென்டிமீட்டர் பக்கம் வந்துவிடும்.

பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி நடுவில் இருக்கும் சென்டர்ஃபயர்காரர்கள் வெடிமருந்தை நிறுத்துப் போட்டுத் தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். .22 சுடும் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருப்பதால் ஆலையில் எப்படி வந்ததோ அப்படியே சுட வேண்டியதுதான். எடை பார்த்துப் பிரித்தேன், விளிம்புத் தடிமனை அளந்தும் பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் போனதுதான் மிச்சம். வேகம் கூடினதை வாங்கலாமே என்பார்கள், அது பாதி வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தள்ளாடும், நெடுந்தூரத்துக்கு ஆகாது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இதற்கு முந்தைய லாட் தங்கம், குளிர்நாளில்கூட என்னை ஏமாற்றியதில்லை. துப்பாக்கிக் குழல் இருக்கிறதே, ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு லாட் பிடிக்கும், என் பேரலுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். அதனால் நண்பரிடம் பெயரை விட்டுவிட்டு, நாலைந்து லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கு, மாற்றும்போதெல்லாம் குண்டின் மேல் பூசிய புது மெழுகு பேரலில் படியும்வரை முதல் இருபது முப்பதைக் கணக்கில் சேர்க்காதே, அப்புறம் 200இலேயே சோதித்துப் பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கிவை என்றேன்.

"அப்போ நீ சுடுவதை வாங்கலாமா, வேண்டாமா?"

வேண்டவே வேண்டாம் என்றேன். கையோடு பழைய லாட் எண்ணை எழுதிக் கொடுத்து, எங்காவது கண்ணில் பட்டால் முதலில் எனக்குச் சொல்லு என்றும் சொல்லியிருக்கிறேன்.