சாரல் காலமும் பிளாஸ்மா டேபிளும்: பாவூர்சத்திரம் பட்டறையில் மூன்று வருஷம்

2022 ஏப்ரலில் எங்கள் பட்டறையில் 5க்கு 10 அடி சிஎன்சி பிளாஸ்மா டேபிள் இறக்கினோம். கம்ப்யூட்டர் சொல்கிற கோட்டில் டார்ச் என்ற வெட்டும் தலை நகரும், அதிலிருந்து அமுக்கின காற்றும் மின்பொறியும் (ஆர்க்) சேர்ந்து வந்து இரும்புத் தகட்டை உருக்கி வெட்டும். ஆர்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சோர்ஸ் 65 ஆம்ப். திருநெல்வேலி - தென்காசி ரோட்டில், பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் பட்டறை. ஷெட்டுக்கு பேஸ் பிளேட், டிராக்டர் கலப்பைக்கு பிராக்கெட், நெல் அறுவடை மெஷின் தகடு, வீட்டு கேட் டிசைன் எல்லாம் வெட்டுவோம். வாங்கும் முன்னால் பல்சக்கர ரேக் பினியன் எப்படி, மோட்டார் ஸ்டெப்பரா சர்வோவா, கன்ட்ரோலர் எது என்று டேபிளைப் பற்றியே பத்து இடத்தில் விசாரித்தேன். காற்றைப் பற்றி ஒருத்தரிடமும் கேட்கவில்லை. பட்ட பாட்டில் பாதிக்கு மேல் காற்றால் வந்ததுதான், அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

சித்திரை, வைகாசி வெயிலில் மெஷின் அருமையாக ஓடியது. ஆனி பிறந்ததும் குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிடும், வருஷா வருஷம் காத்துக் கிடப்போம். அந்த வருஷம் சாரல் விழுந்த முதல் வாரமே, டார்ச் நுனியில் ஆர்க் வெளியே வரும் நோசில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டார்ச்சைக் கழற்றிப் பார்த்தால், வட்டமாக இருக்க வேண்டிய நோசில் ஓட்டை முட்டை மாதிரி இழுத்திருந்தது. செம்பு எலெக்ட்ரோடின் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகம் பொட்டு வைத்த மாதிரி பதித்திருக்கும், ஆர்க் பிடிப்பது அந்தப் பொட்டில்தான். அது குழிந்து, சுற்றிலும் கறுத்துக் கிடந்தது. டார்ச்சுக்குள் காற்றைச் சுழலவிடும் ஸ்வர்ல் ரிங்கைத் தொட்டால் விரலில் ஈரம்.

மெஷின் விற்றவர்கள் கன்சூமபிளை, அதாவது நோசில், எலெக்ட்ரோடு மாதிரி தேயும் பாகங்களை, மாத்துங்க என்றார்கள். மாற்றினோம், மறுபடி போனது. அப்புறம் கம்ப்ரசர் பார்க்க வந்த ஒரு பெரியவர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. காற்றை அமுக்கும்போது சூடாகிறது. அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறினதும் தண்ணீராகிவிடுகிறது. நாங்கள் ஃபில்டரை கம்ப்ரசர் வாயிலேயே மாட்டியிருந்தோம், அங்கே அது பிடிக்க ஒன்றுமே இல்லை. சுவரோரமாக நீளமாக ஜிஐ பைப் இழுத்து, கொஞ்சம் சரிவு கொடுத்து, தாழ்ந்த முனையில் ட்ரெயின் வால்வ் வைத்தோம். மெயின் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து கிளை எடுத்தோம், அப்போதுதான் அடியில் ஓடும் தண்ணீர் கிளைக்குள் இறங்காது. ஃபில்டர் டார்ச் பக்கம் வந்தது. கடைசியில் ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையரும் வாங்கினோம். அது காற்றை 3 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து ஈரத்தைப் பிரித்துவிடும். அதற்கப்புறம் மூன்று சாரல் காலம் பார்த்தாச்சு, நோசில் வெயில் காலத்தில் உழைப்பது போலவே உழைக்கிறது. ட்ரையருக்கான செலவை டேபிள் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது எர்த். எங்களுடையது ஹை ஃப்ரீக்வென்சியில் ஆர்க் பற்ற வைக்கும் வகை, அந்த மின் இரைச்சல் பக்கத்திலிருக்கும் எலெக்ட்ரானிக்ஸைக் கலைக்கும். டார்ச் பற்றும்போதெல்லாம் கன்ட்ரோலர் திரை அணைந்து எரியும், பாதி வெட்டில் பென்டிரைவைக் காணோம் என்று சொல்லும். டேபிளுக்கென்று தனியாகக் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு ராடு இறக்கினோம். டார்ச் கேபிளை சிக்னல் ஒயர்களிலிருந்து பிரித்து மறுபக்கமாகக் கொண்டு போனோம். அதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

எங்கள் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேலாக கேஸ் கட்டிங் பிடிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். டேபிள் வந்தபோது தனக்கு வேலை போய்விடும் என்று கலங்கிப் போனார். இன்றைக்கு அவர் இல்லாமல் அந்த மெஷினை ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது. ஒரு நாள் நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவர் தூரத்தில் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, சத்தம் மாறுது, நிப்பாட்டும்" என்றார். நிறுத்திப் பார்த்தால் டார்ச் தகட்டை உரசுகிற அளவுக்கு இறங்கியிருந்தது.

காரணம் இதுதான். டார்ச் உயரத்தை மெஷின் ஆர்க் வோல்டேஜை வைத்துத்தான் கணிக்கிறது. டார்ச் ஏறினால் வோல்டேஜ் கூடும், இறங்கினால் குறையும். எலெக்ட்ரோடு குழியக் குழிய, அதே உயரத்திலேயே வோல்டேஜ் கூடுதலாகக் காட்டும். டார்ச் மேலே போய்விட்டது என்று நினைத்து மெஷின் கீழே இறக்குகிறது. அதனால் எலெக்ட்ரோடு பழசாகும்போது செட் வோல்டேஜைச் சில வோல்ட் கூட்டிக்கொடுக்க வேண்டும். குழி ஒன்றரை மில்லியைத் தாண்டினால் எலெக்ட்ரோடை மாற்றிவிடுகிறோம்.

வேகத்தையும் அண்ணன் கண்ணாலேயே சொல்லிவிடுவார். தகட்டுக்கு அடியில் தீப்பொறி கொஞ்சம் பின்னால் சாய்ந்து விழுந்தால் சரி. வேகம் குறைந்தால், உருகி விளிம்பின் அடியில் ஒட்டும் கசடு தடியாகப் பிடிக்கும், சுத்தியலால் தட்டினால் உதிர்ந்துவிடும். வேகம் கூடினால் மெல்லிசாக, மணிமணியாக ஒட்டிக்கொள்ளும், கிரைண்டர் இல்லாமல் வராது. வெட்டும் திசையும் முக்கியம். எங்கள் டார்ச்சில் காற்று சுழலும் விதத்தால், போகிற போக்கில் வலது பக்க விளிம்புதான் நேராக வரும். அதனால் வெளிக்கோட்டை கடிகாரச் சுற்றிலும், உள்ளே வரும் துளையை எதிர்ச் சுற்றிலும் போடுகிறோம். முதல் மாதம் இது தெரியாமல் நல்ல விளிம்பையெல்லாம் ஸ்கிராப்பில் விட்டோம்.

துளையில் இன்றும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பிசான நெல் அறுவடை நேரத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து அறுவடை மெஷின்காரர்கள் அவசரமாக வருவார்கள். 12 மில்லி தகட்டில் 14 மில்லி துளை வெட்டிக் கொடுத்தோம். மறுநாளே ஒருவர் திரும்பி வந்து, "என்னவே, போல்ட் பாதியில நிக்கி" என்றார். துளை அடிப்பக்கம் குறுகியிருந்தது. மெல்லிய தகடு என்றால் துளைக்கு வேகத்தைக் குறைத்து, உயரக் கட்டுப்பாட்டையும் அணைத்துவிட்டால் ஒழுங்காக வருகிறது. தடித்த தகட்டில் தகட்டுத் தடிமனைவிட ஒன்றரை மடங்குக்குக் குறைவான துளையை இப்போது நாங்கள் வெட்டுவதே இல்லை. நடுவில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு டிரில்லிங் மெஷினுக்கு அனுப்புகிறோம்.

வெல்டிங்குக்குப் போகிற பீஸ் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. சாதாரணக் காற்றில் வெட்டும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் விளிம்பில் ஏறிவிடுகிறது, அப்படியே வெல்டு அடித்தால் பொத்தல் விழும். விளிம்பை ஒரு தடவை கிரைண்டிங் பண்ணிவிட்டுத்தான் வெல்டருக்குக் கொடுக்கிறோம்.

தண்ணீர்த் தொட்டி வைத்த டேபிள் என்பதால் புகையும் தூசியும் பெருமளவு அடங்கிவிடுகிறது. ஆனால் அதன் மேல் அலுமினியம் வெட்டக் கேட்டு வந்தால், காசு எவ்வளவு கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அலுமினியத் துகள் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனைக் கிளப்பும், அது தகட்டுக்கு அடியில் தேங்கினால் ஒரு பொறி போதும். பக்கத்துப் பட்டறைக்காரர்களிடமும் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டை ஃபேன் போட்டு, ஷெட் கதவுகளை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் வெட்டுவோம். துத்தநாகப் புகை குடித்தால் ராத்திரியே காய்ச்சல் வந்துவிடும்.

1250க்கு 2500 மில்லி அளவில் 6 மில்லி தகடு ஒன்று 147 கிலோ. முன்பெல்லாம் அதில் சாக்பீஸால் கோடு போட்டு, கேஸில் வெட்டி, விளிம்பு தேய்த்து எடுப்பதற்குள் ஒரு முழு நாள் போகும். இப்போது அண்ணன் காலையில் கம்ப்ரசர் டேங்கில் தேங்கின தண்ணீரை வடித்துவிட்டு ஆரம்பித்தால் பதினொரு மணி டீக்கு முன்னால் முடித்துவிடுகிறார். போன மாதத்திலிருந்து என் தங்கச்சி மகனுக்கு மெஷின் கற்றுக்கொடுக்கிறார், கன்ட்ரோலரை இன்னும் தொட விடவில்லை. டேபிள் பக்கத்தில் நிறுத்தி, சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்லியிருக்கிறார்.