காக்ஸ் பஜார் முகாம் உணவுக் கடைகள்: வயதானவர்கள் பக்கம் நின்று பார்த்தால்

வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதிகள் வாழும் முகாம்களுக்குள் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் ஏற்பாடு செய்திருக்கும் உணவுக் கடைகளைப் பற்றிய விமர்சனம் இது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்கு ஒரு அட்டை, அதில் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் தொகை ஏறும். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை என்று தேவையானதைப் பார்த்து எடுக்கலாம், யாரோ கட்டிக் கொடுத்த மூட்டையைக் கைநீட்டி வாங்க வேண்டியதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது, தூக்க முடியாத முதியவர்களின் சாமானை வீடு வரை சுமந்து கொடுக்க ஆள் வைத்திருப்பது. மழைக்காலத்தில் குதுபாலோங் முகாமின் மண்மேடுகளில் அரிசிப் பையோடு ஏறுவது இளவட்டங்களுக்கே கஷ்டம்.

கடையில் குறை இல்லை. அட்டையில் ஏறும் பணத்தில்தான் எல்லாப் பிரச்சினையும்.

2023 தொடக்கத்தில் தலைக்கு மாதம் 12 டாலர். மார்ச்சில் 10 ஆனது, ஜூனில் 8 ஆனது. அப்புறம் மெதுவாக ஏறி 12.50 வரை வந்தது. 2025 மார்ச்சில், நிதி இல்லை, ஏப்ரலிலிருந்து 6 டாலர்தான் என்று கடிதம் வந்தது. 6 டாலர் என்றால் வங்கதேசப் பணத்தில் 726 டாக்கா, அதாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 8 டாக்கா. கடைசி நேரத்தில் பணம் கிடைத்து 12 டாலராக வைத்தார்கள், சரி, ஆனால் அந்த மூன்று வாரம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள்? இந்த முகாம்களுக்கு வந்த உதவியில் பெரும்பங்கு தந்தது அமெரிக்கா, 2017லிருந்து சுமார் 240 கோடி டாலர். 2025 ஜனவரியில் அது தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அந்தப் பணத்தில் ஓடிய ஐந்து மருத்துவமனைகள் சேவையைக் குறைக்க வேண்டி வந்தது.

முகாமில் அறுபது தாண்டியவர்கள் சுமார் 4 சதவீதம்தான், பாதிக்கு மேல் குழந்தைகள். அதனால் பேச்செல்லாம் குழந்தைகளின் ஊட்டச்சத்தைப் பற்றியே இருக்கிறது, அது நியாயம்தான், ஆனால் பெரியவர்களின் கணக்கை யாரும் தனியாகப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். வெளியே போய் முறையாக வேலை செய்ய அகதிகளுக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் தொகை குறைந்தால் இளைஞர்கள் எங்காவது கூலிக்குப் போய்ச் சமாளிக்கப் பார்ப்பார்கள். எழுபது வயதில் முட்டி வலியோடு தனியாக இருக்கும் ஒரு மூதாட்டிக்கு அந்த அட்டையைத் தவிர வேறு வழி என்ன? ஆறு பேர் குடும்பத்தில் ஒரே அடுப்பு, ஒரே குழம்பு, செலவு பகிர்ந்துபோகும். ஒற்றை ஆளுக்கு அது நடக்காது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர் வெறும் சோற்றையும் உப்பையும் வைத்து மாதத்தை ஓட்டவும் முடியாது, அதே நேரத்தில் மாத்திரை தரும் மருத்துவமனையும் சுருங்கினால் அடி இரண்டு பக்கமும் விழும். வீட்டில் பேரக்குழந்தை இருந்தால் பாட்டி தன் தட்டைத்தான் முதலில் குறைப்பாள், இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கடை நடத்தும் முறைக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். நிதி தரும் நாடுகளுக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. தொகையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் தனியாக வாழும் முதியவர்களின் அட்டையைத் தொடாமல் விடுங்கள், சுமை தூக்கிக் கொடுப்பவர்களையும் நிறுத்தாதீர்கள். முதியவர்கள் எல்லாரையும் சேர்த்தாலே வெறும் 4 சதவீதம் பேர், அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.