சுருட்டு கட்டர் வாங்கி ஏமாந்தேன், நீங்களும் மாட்டிக்காதீங்க

ஒரு வாரச் சம்பளம் போச்சு. ஒரு சுருட்டு கட்டருக்கு, அதாவது பத்த வெக்கிறதுக்கு முன்னாடி சுருட்டு முனையை வெட்டுற கருவிக்கு. முந்தாநாள் ராத்திரி நடந்தது, இன்னும் மனசு ஆறல. கட்டர் வாங்குற யோசனையில இருக்கிறவங்க முழுசா படிங்க, எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

எங்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு. சுருட்டுப் பெட்டியோட இலவசமா வந்த பிளாஸ்டிக் கட்டர், ஒற்றை பிளேடு. தடியான சுருட்டை வெச்சா ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் லேசா நசுக்கும். பிளேடு ஒரு பக்கத்துல இருந்தே தள்ளிட்டு வர்றதால எதிர்ப்பக்கம் அழுந்துது. ரெட்டை பிளேடுல ரெண்டும் ஒரே நேரத்துல இறங்கி நடுவுல சந்திக்கும், வெட்டு சுத்தமா இருக்கும். சரி, ஆயுசுக்கும் ஒண்ணு நல்லதா வாங்கிடுவோம்னு இறங்கினேன்.

சுருட்டு சாமான் மட்டுமே விக்கிற ஒரு ஆன்லைன் கடை. தங்க நிறத்துல மின்னுற கட்டர், காகிதத்தை வெண்ணெய் மாதிரி அறுக்குற வீடியோ. நான் அதைப் பார்த்து மயங்கல. சாட்ல போய் என்ன ஸ்டீல்னு கேட்டேன். "440சி சார், ராக்வெல் 58, பாடியும் அதேதான்"னு பட்டுனு பதில் வந்துச்சு. 440சி-ங்கிறது கத்தி பிளேடுக்குப் போடுற ஒரு ஸ்டீல் வகை, ராக்வெல்ங்கிறது கடினத்தோட அளவு. 60 ரிங் கேஜ் (சுருட்டோட தடிமன் அளவு) வரைக்கும் போகுமான்னு கேட்டேன், போகும்னாங்க. அப்புறம் அந்த ஆள் எழுதினது: "நானும் தினமும் சுருட்டு பிடிக்கிறவன்தான் சார். என் பாக்கெட்ல இருக்கிறதும் இதேதான். லைஃப்டைம் கேரண்டி, கண்ணை மூடிட்டு வாங்குங்க."

அந்த ஒரு வரிதான். நம்ம பழக்கம் தெரிஞ்ச ஆள், நம்மகிட்ட பொய் சொல்ல மாட்டான்னு நினைச்சுட்டேன். ஒரு வாரச் சம்பளத்தை அப்படியே கட்டினேன்.

அஞ்சு வருஷமா ஹியூமிடர்ல (சுருட்டு காயாம ஈரப்பதத்தோட வெக்கிற பெட்டி) ரெண்டு சுருட்டு பத்திரப்படுத்தி வெச்சிருந்தேன். கூடப் படிச்ச சிநேகிதன் ரொம்ப நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தான், அவனுக்காகவே எடுத்தேன். புது கட்டரை அவன் கையிலயே கொடுத்து "நீயே வெட்டுடா"ன்னேன். வாய் வெக்கிற முனையை மூடியிருக்கிற இலைத்துண்டுதான் கேப், அதோட நுனியில இருந்து ரெண்டு மில்லிமீட்டர், சரியான இடத்துலதான் வெச்சான். அழுத்தினா பிளேடு இறங்கல. ரெண்டாவது தடவை பலமா அழுத்தினான். 'கிரக்'குனு ஒரு சத்தம். கேப் வெட்டுப்படல, நசுங்கிப் பிதுங்கிடுச்சு. ராப்பர், அதான் சுருட்டு மேல சுத்தின இலை, வெங்காயச் சருகு மாதிரி கிழிஞ்சு, அவன் விரல்லயே சுருண்டு நின்னுச்சு. ராப்பரைப் பிடிச்சு வெச்சிருக்கிறதே அந்த கேப்தான், அது உடைஞ்சா மொத்தமும் பிரிய ஆரம்பிச்சிடும். ஒரு இழுப்புக்கு வாய் முழுக்க இலைத்துணுக்கு. பாவம், ஒண்ணும் சொல்லாம துப்பிட்டு, "டேய், பழசையே எடுடா"ன்னான். அதே பெட்டியில இருந்த இன்னொரு சுருட்டை பிளாஸ்டிக் கட்டர்ல வெட்டினோம். ஓரம் கொஞ்சம் அமுங்குச்சு, ராப்பர் அசையல.

அன்னைக்கு ராத்திரியே கட்டரை விளக்குக்கு நேரா பிடிச்சுப் பார்த்தேன். மூடின பிளேடு ரெண்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது. ஒரு பிளேடு பக்கவாட்டுல ஆடுது. காந்தத்தை வெச்சேன், பாடியிலயும் ஒட்டல, பிளேடுலயும் ஒட்டல. 440சி-ன்னா காந்தம் பிடிச்சே ஆகணும். ஓரத்துல தங்க முலாம் உரிஞ்ச இடத்துல வெளிறின சாம்பல் உலோகம் எட்டிப் பாக்குது. ஸ்கேல் வெச்சு அளந்தா துவாரம் 21 மில்லிமீட்டர். ரிங் கேஜ்ங்கிறது அங்குலத்துல 64-ல ஒரு பங்கு, 60-ன்னா கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர். அதுவும் பொய்.

எழுதினேன். முதல் பதில்: "இருபது முப்பது வெட்டு ஆனா செட் ஆயிடும் சார்." கட்டர் என்ன செருப்பா, போடப் போட செட் ஆக? அடுத்து, "உங்க சுருட்டு காய்ஞ்சிருக்கும்." காய்ஞ்ச சுருட்டு எந்த பிளேடுலயும் வெடிக்கும், அது எனக்கும் தெரியும். ஹியூமிடர் ஈரப்பதம் 67 சதவீதம்னு மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினேன், பழைய கட்டர் வெட்டின சுருட்டையும் அனுப்பினேன். உடனே பேச்சு மாறிடுச்சு. லைஃப்டைம் கேரண்டி பாடிக்கு மட்டும்தானாம், பிளேடு "தேயுற பாகம்" அதனால சேராதாம். ஒரே ஒரு தடவை வெட்டினதுல தேய்ஞ்சிடுச்சா? 440சி-ன்னு சொன்ன ஆளைக் கேட்டேன். அவர் இப்ப அங்க இல்லைன்னாங்க. இன்னைக்குக் காலைல பார்த்தா, புகார் தீர்க்கப்பட்டதுன்னு ஒரு மெசேஜ். என்ன தீர்ந்துச்சு? ஒரு வாரச் சம்பளம் அவங்ககிட்ட, நசுக்குற தகரம் எங்கிட்ட.

தரம் முக்கியமான்னு கேட்டா, ஆமா, ரொம்ப முக்கியம். ஆனா அது பிளேடோட கூர்லயும் ரெண்டு பிளேடு பொருந்துற விதத்துலயும்தான் இருக்கு. முலாம், எடை, வெல்வெட் பெட்டி எதுலயும் இல்லை. ரெண்டும் ஒழுங்கா இருந்தா சாதா கட்டரே போதும்.

விவரமா எழுதணும்னு உட்கார்ந்தேன், இப்ப முடியல. அவசரமா நாலு விஷயம் மட்டும். கையில எடுத்துப் பார்க்காம வாங்காதீங்க. மூடி வெளிச்சத்துல பாருங்க, ஆட்டிப் பாருங்க. காந்தம் கொண்டு போங்க. ஒட்டினா மட்டும் நல்ல ஸ்டீல்னு அர்த்தமில்லை, ஆனா 440சி-ன்னு சொல்லி ஒட்டலைன்னா வெச்சுட்டு வந்துடுங்க. கேரண்டியில பிளேடு சேருமான்னு எழுத்துல கேளுங்க. சாட்ல பேசினதை அன்னைக்கே படம் எடுத்து வெச்சுக்கோங்க. நான் எடுக்கல. இப்ப உள்ளே போய்ப் பார்த்தா அந்த 440சி பேச்சையே காணோம், "அப்படி நாங்க சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா"ன்னு என்னையே கேக்கறாங்க.