லைட் சென்சார் மாட்யூல்கள்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதுமா? எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் உறுப்பு) வாங்குங்கள். எவ்வளவு வெளிச்சம் என்று எண்ணாக வேண்டுமா? எல்டிஆரோடு மல்லுக்கட்டாமல் பிஎச்1750 என்ற டிஜிட்டல் சென்சார் பக்கம் போய்விடுங்கள். கோடு பார்த்து ஓடும் ரோபோ, இருட்டினால் எரியும் விளக்கு, செடிக்கு எவ்வளவு வெயில் விழுகிறது என்று குறித்துவைக்கும் பெட்டி என்று சில வருடங்களாகச் செய்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்.

முதலில் எல்லோர் கைக்கும் வருவது எல்எம்393 கம்பரேட்டரும் (இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் சிப்) நீலநிற ட்ரிம்பாட்டும் (எல்லையைத் திருகி வைக்கும் குமிழ்) உள்ள எல்டிஆர் மாட்யூல். மூன்று பின் வகையை வாங்காதீர்கள், அதில் ஆம்-இல்லை மட்டும்தான் வரும். நான்கு பின் வகையில் வெளிச்சத்துக்கேற்ப ஏறி இறங்கும் அனலாக் வெளியீடும் சேர்ந்து கிடைக்கும். என்னிடம் உள்ளவற்றில் வெளிச்சம் பட்டால் டிஜிட்டல் பின் பூஜ்யமாகும், அனலாக் எண்ணும் குறையும். புதிதாகத் தொடங்குபவர்கள் நிரல் தலைகீழாக ஓடுகிறது என்று குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்த மாட்யூலின் உண்மையான தொல்லை அந்தி நேரத்தில் தெரியும். வெளிச்சம் மெதுவாகக் குறைந்து ட்ரிம்பாட்டில் வைத்த எல்லைக்கு வரும்போது, விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலே டக்டக்கென்று அடித்துக்கொள்ளும். மாட்யூலின் சிவப்பு எல்இடியும் அதோடு சேர்ந்து துடிக்கும். அணைவதற்கும் எரிவதற்கும் ஒரே எல்லை இருப்பதுதான் காரணம். அனலாக் பின்னுக்கும் டிஜிட்டல் பின்னுக்கும் நடுவே ஒரு 100 கிலோஓம் மின்தடையைப் போட்டதும் அந்த ஆட்டம் அடங்கியது. சாலிடர் செய்ய மனமில்லையா, நிரலிலேயே இரண்டு எல்லை வையுங்கள்: ஆர்டுயினோ போர்டின் 0–1023 அளவில் 700ஐத் தாண்டினால் விளக்கு எரியட்டும், 600க்குக் கீழே வந்தால்தான் அணையட்டும். அப்புறம், அந்த விளக்கின் வெளிச்சமே சென்சார் மேல் விழாதபடி வையுங்கள். விழுந்தால் விளக்கு எரிந்த மறுநொடியே பகல் வந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும்.

வெளிச்சத்தைத் தேடிப் போகும் ரோபோவுக்கு இடம் ஒன்று, வலம் ஒன்று என்று இரண்டு எல்டிஆர் வேண்டும். ஒரே பையில் வந்தவை என்பதால் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஜிஎல்5528 என்ற எல்டிஆரின் தரவுத்தாளே 10 லக்ஸில் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) 10 முதல் 20 கிலோஓம் என்றுதான் சொல்கிறது. அதாவது ஒன்றின் மின்தடை மற்றதைப் போல இரண்டு மடங்கு இருந்தாலும் அது பழுது இல்லை. ரோபோ எப்போதும் ஒரு பக்கமே சாய்ந்து ஓடினால் மோட்டாரைத் திட்டுவதற்கு முன் இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். இன்னொன்று, இது சோம்பேறி. வெளிச்சம் மாறியபின் பத்துக் கணக்கான மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். விளக்குக்கு அது பொருட்டே இல்லை, வேகமாக ஓடும் ரோபோவுக்குப் பொருட்டுதான்.

கோடு பார்ப்பதற்கு நான் வைத்திருப்பது டிசிஆர்டி5000 சென்சார். அகச்சிவப்பு ஒளியைத் தானே விட்டு, திரும்பி வருவதைப் பார்க்கும். தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வீட்டுக்குள் ஒழுங்காக ஓடிய ரோபோ வெயிலில் கோட்டை விட்டு ஓடும், ஏனென்றால் சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு ஏராளம். முன்பக்கம் கறுப்பு அட்டையில் ஒரு பாவாடை கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பிஎச்1750 வேறு ஜாதி. ஐ-டூ-சி என்ற இரண்டு கம்பித் தரவு இணைப்பு வழியாக நேராக லக்ஸ் கணக்கில் எண் தரும். மின்விளக்கின் 50, 60 ஹெர்ட்ஸ் சிமிட்டலையும் தானே வடிகட்டிக்கொள்ளும். ஒரு அளவுக்குச் சுமார் 120 மில்லிநொடி ஆகும் என்பதால் ரோபோவின் கண்ணாக வைக்க ஏற்றதல்ல. அட்ரஸ் பின்னை மாற்றி அதே கம்பிகளில் இரண்டு வரை போடலாம், அதற்கு மேல் முடியாது. செடிப் பெட்டியில் உச்சி வெயில் நேரத்து வரைபடம் தட்டையாக வெட்டியதுபோல் வந்தது. வழக்கமான அமைப்பில் இது ஏறக்குறைய 54,600 லக்ஸோடு நின்றுவிடும், நேர் வெயிலோ ஒரு லட்சத்தைத் தொடும். அளக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் எம்டிரெக் மதிப்பை 69இலிருந்து 31க்குக் குறைத்தால் எல்லை ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. வெயிலுக்கென்றே புதிதாக வாங்குவதானால் 1,20,000 லக்ஸ் வரை போகும் விஇஎம்எல்7700 சென்சாரையே எடுங்கள். அதன் அட்ரஸை மட்டும் மாற்ற முடியாது.

வெளியே வைத்தவற்றில் சிப் எதுவும் கெடவில்லை, கெட்டது மூடிதான். வெயில் பட்டு மஞ்சளாகி, தூசியும் படிந்து, எண்கள் மெல்ல மெல்ல இறங்கும். துடைத்தவுடன் ஒரே நாளில் வெளிச்சம் கூடியதாக வரைபடம் காட்டும். துடைத்த தேதியையும் தரவோடு குறித்துவைத்துக்கொள்வது நல்லது. மூடியில்லாமல் ஈரத்தில் கிடந்த எல்டிஆர்களை நான் திரும்பப் பயன்படுத்துவதில்லை. அவற்றில் காட்மியம் இருப்பதால் சாதாரணக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவோடு சேர்க்கிறேன்.